பச்சை மீனும் தள்ளுசோறும்

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.40. திருவான்மியூரில் புதுச்சேரி போகும் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். மரக்காணத்துக்கு டிக்கெட் நூற்றுப் பத்து ரூபாய். தூரம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கைப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, ரத்த அழுத்த மாத்திரை. இவ்வளவுதான் சாமான். ஆனால் இந்த இருக்கையில் வந்து உட்காருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு விசாரணைக் கமிஷனே நடந்து முடிந்திருந்தது.

"எங்கே போறே?"

"மரக்காணம்."

"அங்கே யார் இருக்கா நமக்கு?"

"யாரும் இல்லை."

"அப்புறம் எதுக்கு?"

"சுஷி சாப்பிட."

என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, என்னை நன்றாக ஒருமுறை பார்த்தார். ஐம்பத்துநான்கு வயதில் ஒருத்தி தனியாகப் பேருந்து ஏறிப் போய், உப்பளத்துக்குப் பக்கத்தில், ஜப்பான்காரன் சாப்பாட்டைச் சாப்பிடப் போகிறாள் என்றால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். தனியாகப் போகாதே, வெயிலில் போகாதே, ரோட்டோரத்தில் சாப்பிடாதே என்று மூன்று 'போகாதே'க்களும் 'சாப்பிடாதே'க்களும் வந்தன. கணக்கு சரியாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எனக்கு அவற்றில் ஒன்றைக் கேட்டாலே காலில் செருப்பு தானாக மாட்டிக்கொள்ளும்.

சுஷிக்கும் எனக்கும் ஒரு பழைய பகை உண்டு. இரண்டு வருடம் முன்பு என் மகள் பவித்ரா, தன் அலுவலகத் தோழிகளோடு என்னையும் சென்னையில் ஒரு பெரிய மாலுக்கு அழைத்துப் போனாள். தட்டில் எட்டு துண்டு வந்தது. சோற்றை உருட்டி, நடுவில் மீன் வைத்து, கறுப்பாகக் கடல்பாசித் தாள் சுற்றிய உருண்டைகள். விலை அறுநூற்று நாற்பது ரூபாய். சாப்பிட இரண்டு குச்சி கொடுத்தார்கள். நான் எடுத்த முதல் உருண்டை நழுவி, சோயா சாஸ் கிண்ணத்தில் விழுந்து, ஒரு தோழியின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. சர்வர் ஓடிப் போய் ஒரு முள்கரண்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வந்து என் தட்டோரம் வைத்தார். ஆஸ்பத்திரியில் ஊசி கொண்டு வந்து வைப்பதுபோல அவ்வளவு மெதுவாக வைத்தார். அந்த முள்கரண்டியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன வாரம் பவித்ரா ஒரு சின்ன வீடியோ அனுப்பினாள். கடற்கரைச் சாலையில் ஒரு தள்ளுவண்டி. ஒரு பெண், கையடக்கமான காகிதக் குழலுக்குள் சுஷி உருண்டைகளை வரிசையாக அடுக்கிக் கொடுக்கிறாள். அடியில் ஒரு குச்சி. குச்சியைத் தள்ளினால், புட்டுக்குழாயிலிருந்து புட்டு வருவதுபோல, ஒவ்வொரு உருண்டையாக மேலே வருகிறது. அப்படியே கடித்துக்கொள்ள வேண்டியதுதான். தட்டு வேண்டாம், மேசை வேண்டாம். நடந்துகொண்டே சாப்பிடலாம். இப்போது வெளிநாட்டு ஊர்களில் இதுதான் மோகமாம். வீடியோவுக்குக் கீழே பவித்ரா எழுதியிருந்தாள்: "அம்மா, இதுக்கு ரெண்டு குச்சி வேணாம், ஒண்ணு போதும். உனக்கு செட் ஆகும்." பக்கத்தில் நான்கு சிரிப்புப் பொம்மைகள். அந்த நான்கு பொம்மைகளுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பயணம்.

மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம், கடப்பாக்கம் என்று பேருந்து தன் போக்கில் போனது. சாலையை அகலமாக்கும் வேலையில் பல இடங்களில் புளியமரங்கள் போய்ச் செம்மண் மேடுகள் வந்திருக்கின்றன. ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் புழுதி. நான் திறந்தே வைத்திருந்தேன்.

காலை 8.10. மரக்காணம். ஊருக்குள் நுழையும் முன்பே சாலையோரம் உப்பளங்கள் தொடங்கிவிடுகின்றன. பாத்தி பாத்தியாகத் தண்ணீர். சில பாத்திகளில் வெறும் வானம் தெரிகிறது, சிலவற்றில் ஓரங்களில் வெள்ளை கட்டியிருக்கிறது. நீண்ட கழியின் முனையில் பலகை பொருத்தி, முழங்காலுக்குக் கீழே வெறும் காலோடு, ஆணும் பெண்ணும் உப்பை வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். காலை எட்டு மணிக்கே கண் கூசுகிறது. படத்தில் பார்த்தால் பனிமலை அடிவாரம் என்று சொல்லிவிடலாம். இறங்கி நின்றால் அடுப்பங்கரை.

பேருந்து நிலையத்தில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய். வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். வயிற்றைக் காலியாக வைத்திருக்க வேண்டும் என்று டீயோடு நிறுத்திக்கொண்டேன்.

காலை 8.35. கூனிமேடு போகும் ஷேர் ஆட்டோ. முப்பது ரூபாய். எனக்கு வேண்டிய வண்டி கூனிமேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாதா கோயில் சுவரோரம் நிற்பதாக வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஆட்டோவில் ஏற்கெனவே ஆறு பேர். ஏழாவதாக நான். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா, கழுத்தில் சின்னச் சிலுவை, நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். அவர் மடியில் ஒரு ஒயர் கூடை. ஆட்டோ முழுக்க உப்பும் மீனுமாக வாசனை.

பேச்சுக்குப் பேச்சாக, "என்னங்க, கருவாடா?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கருவாடா? நல்லா பாருங்கம்மா. பச்ச மீனு. சங்கரா. இப்பத்தான் படகுலேர்ந்து எறங்குச்சு. கண்ணப் பாருங்க, எப்பிடி இருக்குது!" என்று கூடையைத் திறந்து, ஒரு மீனின் தலையைத் தூக்கிக் காட்டினார். கருவாட்டு வாசனை எதிர்சீட்டு அம்மாவின் மூட்டையிலிருந்து வந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அவர் பெயர் அருள்தாஸ். மின்சார வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சமாதானமானதும் நன்றாகவே பேசினார். "ஞாயித்துக்கெழம எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க. பூசை நாளு. மொதல் பூசைய பாத்துட்டு, நான் மரக்காணம் வந்து வாங்கினு போயிடுவேன். தவக்காலம் வேற. எங்க வீட்ல நாப்பது நாளும் கறி கெடையாது, மீனுதான்."

நான் போகிற இடத்தைச் சொன்னேன். அவர் கூடையின் வாயை மூடினார்.

"அந்தக் கொழா வண்டிக்கா மெட்ராஸ்லேர்ந்து வந்தீங்க? இன்னியோட அத எடுத்துடுவோம்மா. பத்து மணிக்குக் கோயில் கமிட்டி கூடுது."

"ஏங்க?"

"அந்தப் பொண்ணு மீன பச்சையா விக்குது. இந்த வெயில்ல. எவனோ ஒருத்தன் போர்டப் படம் புடிச்சு, ஜாக்கிரதைன்னு வீடியோ போட்டுட்டான். வண்டி நிக்கிறது கோயில் நெலம். நாளைக்கு ஒருத்தன் வாந்தி எடுத்தான்னா மாதா பேருதானே கெடும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அப்போது எனக்குப் பட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

காலை 9.05. நீல வண்ணம் அடித்த தள்ளுவண்டி, கோயில் மதில் சுவரோரம், ஒரு பூவரச மரத்தடியில். மேலே கையால் எழுதிய பலகை. "ரோஸ்லின் குழல் சுஷி" என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னும் பெரிதாக, "பச்சை மீன் மட்டும்". வண்டிக்குப் பின்னால் ஒரு நாற்பது வயதுப் பெண், தலையில் துணி கட்டி, சோற்றை விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய தட்டு நிறைய சோறு. ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஒரு குழல் கொடும்மா" என்றேன்.

"இப்பக் கெடையாதுக்கா. பத்து மணிக்கு மீட்டிங். அதுக்கு முன்னாடி வித்தா, தீர்ப்பு வர்றதுக்குள்ள வித்துட்டேன்னு அதையும் ஒரு குத்தமா எழுதுவாங்க."

நான் கேட்க நினைத்ததை நேராகவே கேட்டேன். "மீனை வேகவைக்காமலா கொடுக்கிறாய்?"

அவள் மூன்று டப்பாக்களைத் திறந்து காட்டினாள். ஒன்றில் ஆவியில் வெந்த வஞ்சிரத் துண்டுகள். ஒன்றில் மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி. ஒன்றில் மஞ்சளும் மிளகும் போட்டு வதக்கிய இறால். பச்சையாக இருந்தது வெள்ளரிக்காய் ஒன்றுதான்.

"அப்போ பலகையில் பச்சை மீன் என்று போட்டிருக்கிறாயே?"

"ஆமாக்கா. கருவாடு இல்ல, ஐஸ்ல கெடந்தது இல்ல. அன்னன்னிக்கிப் புடிச்ச மீனு. அதுக்கு வேற பேரு இருக்குதா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அரை மணி நேரம் முன்பு ஆட்டோவில், கூடையைத் திறந்து 'பச்சை மீன்' என்று ஒரு மனிதர் பெருமையாகக் காட்டினார். நானும் தலையாட்டினேன். அதே சொல் சுஷி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் எல்லோருக்கும் குமட்டுகிறது. நானும் அந்த எல்லோரில் ஒருத்திதான். வெட்கமாக இருந்தது.

ரோஸ்லின் சோறு ஆறும்வரை பேசினாள். ஒன்பது வருடம் சென்னையில் ஒரு ஜப்பான் ஓட்டலின் சமையலறையில் வேலை செய்திருக்கிறாள். "பாத்திரம் கழுவத்தான் போனேன். நாலாவது வருஷம் உருட்டக் கத்துக்கிட்டேன். சாப்பிட வர்றவங்க பாக்கற மாதிரி முன்னாடி ஒரு மேசை இருக்கும், அங்க நின்னு உருட்டணும்னு ஆசை. நிக்க வெக்க மாட்டாங்க. என் மூஞ்சி ஜப்பான் மூஞ்சி இல்லையாம். மணிப்பூர்ப் பசங்கள நிக்க வெப்பாங்க. அவங்களும் பாவம், உள்ள வந்தா எங்களோட சிரிச்சுப் பேசுவாங்க, வெளிய போனா குனிஞ்சு குனிஞ்சு கும்பிடணும். நான் உருட்டுவேன், அவங்க குனிவாங்க."

"அதனால்தான் இங்கே வந்து சொந்தமாக முன்னால் நிற்கிறாயா?"

"பின்ன? இங்க என் மூஞ்சிதான் மொதல்ல தெரியும்."

இந்தச் சுவரோரத்தை விட்டால் அவளுக்கு வேறு இடம் இல்லை. சாலையின் மற்ற ஓரமெல்லாம் தோண்டிக் கிடக்கிறது. வண்டியை ஊருக்குள்ளே தள்ளிக்கொண்டு போனால் கார்க்காரர்கள் பார்க்கமாட்டார்கள். எதிரே உப்பளத்திலிருந்து வருகிறவர்களும் இந்த மரத்தடிக்குத்தான் வருவார்கள். ஏழு மாதமாக ஊன்றிய கால். பத்து மணிக்கு அதைப் பிடுங்கப் போகிறார்கள்.

குழலை எடுத்துக் காட்டினாள். புதுச்சேரிப் பக்கம் ஊதுபத்திக்குக் குழல் செய்கிற ஒருவரிடம் சொல்லிச் செய்வதாம். "மொத தடவ கொண்டாந்ததுல சந்தன வாசன. மீனு குளிச்சு முழுகிக் கோயிலுக்குப் போற மாதிரி இருந்துச்சு. அப்புறம் உள்ள தனித் தாளு சுத்தித் தரச் சொன்னேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் கண் கடிகாரத்தைத் தேடியது.

காலை 10.00. கோயிலுக்குப் பின்னால் ஒரு நீண்ட ஓட்டுக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லித்தரும் இடம். கமிட்டியார் ஏழெட்டுப் பேர், நடுவில் அந்தக் கோயிலின் பாதிரியாரான பங்குச்சாமியார், இளவயதுக்காரர். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் யாரும் போகச் சொல்லவும் இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அருள்தாஸ் எழுந்தார். ஆட்டோவில் சொன்னதையே சொன்னார். கூடையைக் காணோம். வீட்டில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ரோஸ்லின் எழுந்தாள். "எல்லாம் வெந்த மீனுதான் ஃபாதர். டப்பாவக் கொண்டாந்து காட்டறேன்."

"வெந்ததுன்னா ஏன் பச்சைன்னு எழுதினே?" என்றார் அருள்தாஸ். "ஊரெல்லாம் நம்மள ஒரு மாதிரி பாக்குது."

"எங்கம்மா கூடைய தலையில வெச்சுக்கினு 'பச்ச மீனே, பச்ச மீனே'ன்னு உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. உங்க சம்சாரம் பச்சையாவா தின்னாங்க? பச்சரிசின்னு வாங்கறீங்க. யாரு அதக் கடிச்சுத் தின்னுட்டு வயித்து வலின்னு வந்தீங்க?"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எழுந்து நின்றேன். "ஐயா, காலையில் ஆட்டோவில் உங்கள் கூடையில் என்ன இருக்கிறதென்று சொன்னீர்கள்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பச்சை மீன் என்றீர்கள். கண்ணைக்கூடக் காட்டினீர்கள்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்தேன். அதுதான் நான் செய்த பிழை. அருள்தாஸ் காது வரை சிவந்துவிட்டார். இடம் கொடுத்து உட்காரவைத்த மனிதரை நான் அவருடைய ஊரார் முன்னால் கேலிப்பொருளாக்கிவிட்டேன்.

"வெளியூர்க்காரங்க இன்னிக்கி வந்து தின்னுட்டுப் போயிடுவாங்க. நாளைக்கிப் பேச்சு கேக்கப் போறது நாமதான்" என்றார். "ஃபாதர், வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது அவர் பக்கம் தலையாட்டினார்கள். ரோஸ்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாமியார் இரண்டு கையையும் உயர்த்தினார். "ஒண்ணு செய்யலாம். ரோஸ்லின், அந்த ஒரு வார்த்தைய மட்டும் அழிச்சுடேன். ஃப்ரெஷ் ஃபிஷ்னு இங்கிலீஷ்ல போட்டுடு. வண்டி அங்கயே நிக்கட்டும். யாருக்கும் சங்கடம் இல்ல."

கட்டடமே மூச்சு விட்டது. அருள்தாஸ்கூட, "அப்பிடின்னா எனக்கும் சரி" என்றார். எனக்கே அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. ஒரு வாளி வெள்ளை வண்ணம், ஐந்து நிமிட வேலை, தலைக்கு மேல் மரம், காலுக்குக் கீழே இடம்.

ரோஸ்லின் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"முடியாது ஃபாதர்."

"ஏம்மா?"

"இங்கிலீஷ்ல எழுதினா நல்ல மீனு, தமிழ்ல எழுதினா வாந்தியா? ஒம்போது வருஷம் அந்த ஓட்டல்ல, உன் மூஞ்சி சரியில்லன்னு உள்ள நிக்க வெச்சாங்க. நின்னேன். இப்ப எங்கம்மா சொன்ன வார்த்த சரியில்லன்னு சொல்றீங்க. எடம் கோயிலோடது. வேணும்னா எடுத்துக்குங்க. எழுத்து என்னோடது. அத அழிக்க மாட்டேன்."

சாமியார் முன்னால் ஒரு நோட்டு இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் எழுதத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. என் வாய்க்கொழுப்பால் இது இன்னும் வேகமாக நடக்கிறதே என்று பெஞ்சுக்குக் கீழே விரல்களை நெரித்துக்கொண்டேன்.

அப்போது வாசலில் நிழல் தட்டியது.

"ரோஸு! இன்னாம்மா இது, வண்டி மூடிக் கெடக்குது?"

எட்டுப் பத்துப் பெண்கள். முழங்கால் வரை வெள்ளை பூத்திருந்தது. புடவையை இழுத்துச் செருகி, மேலே ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு. விடியலுக்கு முன்பே பாத்தியில் இறங்கியவர்கள், வேலை முடித்து வந்திருக்கிறார்கள். உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். இந்தக் கட்டடத்துக்குள் அவர்களில் யாரும் இதற்கு முன் கால் வைத்திருக்க மாட்டார்கள். முன்னால் நின்றவள் பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"மீட்டிங் நடக்குதுக்கா, கொஞ்சம் இரு" என்றாள் ரோஸ்லின்.

"எங்களுக்குப் பசி நடக்குது."

சாமியார் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களும் இதையா சாப்பிடுறீங்க?"

"தெனமும் சாமி. தள்ளுசோறு."

"என்ன சோறு?"

"தள்ளுனா வருது இல்ல, அதான் தள்ளுசோறு." அஞ்சலை தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள் உப்பு. "பாத்தியில நல்ல தண்ணி ஏது? குடிக்கக் கொண்டாற ஒரு கேன்ல கைய கழுவ முடியுமா? இந்தக் கையால சோத்தப் பெசஞ்சா கொழம்பே கரிக்குது, கையும் எரியுது. இது வந்தப்புறம் கை படாம தின்றோம்."

"அதுல பச்சை மீனா வைக்கறாங்க?"

"பின்ன?" என்றாள் அஞ்சலை. அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கருவாடு வெச்சா எங்களுக்கு எதுக்கு சாமி? நாங்களே கருவாடு மாதிரிதான் கெடக்குறோம். பச்ச மீனு வெக்கறதாலதான் வர்றோம்."

சாமியார் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். அருள்தாஸைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "மொதல்ல போய் அவங்களுக்குப் போடும்மா."

"முடிவு என்ன ஃபாதர்?" என்றார் ஒருவர்.

"அடுத்த கூட்டத்துல பேசலாம்."

"அடுத்த கூட்டம் எப்ப?"

"ஈஸ்டர் முடியட்டும்."

"பலகை?"

"அதுவும் முடியட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துகொண்டார்.

காலை 10.50. பூவரச மரத்தடி. வண்டியில் இரண்டு விலை. கார்க்காரர்களுக்குக் கடல்பாசித் தாள் சுற்றிய குழல், நூற்று அறுபது ரூபாய். உப்பளத்துக்காரர்களுக்கு வேறு குழல். கடல்பாசித் தாளுக்குப் பதில் மெல்லிய முட்டை ஆம்லெட், சோயா சாஸுக்குப் பதில் புளியும் மிளகாயும் கரைத்த சாறு, உள்ளே வஞ்சிரத்துக்குப் பதில் நெத்திலி. நாற்பத்தைந்து ரூபாய். நான் அதையே கேட்டேன்.

"அக்கா, அது காரமா இருக்கும்."

"இருக்கட்டும்."

ரோஸ்லின் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள். "நீங்க மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா கொஞ்சம் சுளுவா முடிஞ்சிருக்கும்" என்றாள். நான் ஒப்புக்கொண்டேன்.

குழல் ஒரு சாண் நீளம். மேல் மூடியைக் கழற்றி, அடிக்குச்சியை ஒரு தள்ளுத் தள்ளினேன். முதல் உருண்டை எகிறிப் போய் மண்ணில் விழுந்தது. எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து தூக்கிக்கொண்டு போனது. எனக்கு மாலும் முள்கரண்டியும் ஞாபகம் வந்து முகம் சூடானது.

அஞ்சலை வாய்விட்டுச் சிரித்தாள். "ஏம்மா, பிரசவத்துக்கா முக்குற? மெல்லத் தள்ளு." பத்துப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இங்கே யாரும் எனக்கு எதையும் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வரவில்லை.

மெல்லத் தள்ளினேன். இரண்டாவது உருண்டை மேலே வந்து உதட்டருகே நின்றது. கடித்தேன். சோற்றில் லேசான புளிப்பு. "சுஷின்னா மீனு இல்லக்கா, அந்தப் புளிப்புச் சோறுதான்" என்றாள் ரோஸ்லின். நெத்திலி மொறுக்கென்றது. புளிச்சாறு நாக்கைச் சுண்டியது. காற்றில் இருந்த உப்பு உதட்டில் ஏற்கெனவே ஒட்டியிருந்ததால், அதில் உப்புக் குறைவாகப் போட்டிருந்தது எவ்வளவு சரியென்று புரிந்தது. மாலில் சாப்பிட்டதைவிடச் சுவையா என்று கேட்டால், மாலில் நான் சாப்பிடவே இல்லை, பரீட்சை எழுதினேன்.

என்னைச் சுற்றிப் பத்துப் பேர், மரத்தடியில் குந்தியும் மதிலில் சாய்ந்தும், ஒரு கையால் குழலைப் பிடித்து மறுகையால் தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கோ வெளிநாட்டில், ஓடும் ரயிலில் படம் எடுத்துப் போடுவதற்காக யாரோ கண்டுபிடித்த சாமான். அது வந்து சேர வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. வெடித்த விரலுக்குத்தான் அது தேவை. என் மாதிரி குச்சி பிடிக்கத் தெரியாதவளுக்கு அடுத்தபடியாகத்தான்.

இரண்டு கார்கள் நின்றன. ஒரு காரிலிருந்து கண்ணாடி இறங்கியது. பலகையைப் படித்தார்கள். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது. ரோஸ்லின் அதைப் பார்த்துவிட்டு அடுத்த குழலை அடுக்கினாள். அடுத்த காரில் வந்தவர்கள் நான்கு குழல் வாங்கிப் போனார்கள்.

பகல் 12.15. சென்னைப் பேருந்துக்காக நின்றேன். தவறான பக்கம் நின்றிருக்கிறேன். கையில் குடையோடு வந்த அருள்தாஸ் என்னைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்தார்.

"மெட்ராஸ் பஸ்சு எதிர்ப்பக்கம் நிக்கும்மா."

"கூட்டத்தில் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க."

"கேட்டது கேட்டுட்டீங்க" என்றார். கொஞ்சம் நின்றார். "எனக்கும் அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. ஈஸ்டருக்கு அப்புறமும் நான் இதையேதான் சொல்லுவேன்." குடையை விரித்துக்கொண்டு போனார். எனக்கு அந்த மனிதரையும் பிடித்துத்தான் இருந்தது.

சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றபோது வண்டி நேராகத் தெரிந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. ரோஸ்லின் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று, சின்னத் தூரிகையால் பலகையில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். அழிக்கிறாளோ? கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அழிக்கவில்லை. உப்புக்காற்றில் மங்கிப்போன 'பச்சை'க்கு மேல் மறுபடியும் நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். மற்ற எழுத்துகளைத் தொடவே இல்லை.

மாலை 4.05. வீடு. வீட்டுக்காரர் என் முகத்தை டாக்டர் பார்ப்பதுபோலப் பார்த்தார். மாத்திரை போட்டாயா, வயிறு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். எங்கள் தெருமுனையில் மீன்கார அம்மா மாலைக் கூடையோடு வந்து, தினமும் கூவுவதைத்தான் கூவினாள்: "பச்ச மீனே!" இருபது வருடமாக இந்தத் தெருவில் அந்தச் சொல் கேட்கிறது. ஒரு ஜன்னலும் பயந்து மூடிக்கொண்டதில்லை.

பவித்ரா தொலைபேசியில் கூப்பிட்டாள். பக்கத்தில் தோழிகள் இருக்கிறார்கள் என்று குரலிலேயே தெரிந்தது.

"அம்மா, போனியா நிஜமாவே? அந்த வண்டியில பச்சை மீன் விக்கறாங்கன்னு ஒரு வீடியோ வந்திருக்கு, இப்பத்தான் பார்த்தேன். நீ பச்சை மீனா சாப்பிட்டே?"

வெந்த மீன்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள், தோழிகளும் சிரிக்காமல் இருந்திருப்பார்கள்.

"ஆமாம்" என்றேன். "பச்சை மீன்தான்."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.